படியெடுத்துக் காப்போம்

(உரைநடை)

நுழையும் முன்

கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் எழுதிக் காத்த மக்கள், இன்று மடிக்கணினியின் வன்தட்டில் எழுதி வைக்கின்றனர். எழுதும் இடம் மாறியது. எழுதியதை இழந்துவிடுவோமோ என்னும் கவலை மட்டும் மாறவில்லை. பழுதடையும் வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்கும் முறையையும், அவ்வாறு மீட்க வேண்டிய நிலையே வாராமல் காக்கும் வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாட்டியின் குரல்

சித்தூரில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வீட்டு மகள் ஒன்பதாம் வகுப்பில் தமிழை விருப்பப் பாடமாகப் பயில்கிறாள். தெருவிலும் கடையிலும் தெலுங்கு, வீட்டினுள் தமிழ். பள்ளிச் செயல்திட்டத்திற்காக அவள் தன் பாட்டி சொன்ன கதைகளையும் விடுகதைகளையும் தாலாட்டையும் கைப்பேசியில் பதிவு செய்தாள். மொத்தம் 42 பதிவுகள். அவற்றைத் தந்தையின் மடிக்கணினிக்கு மாற்றிய பின், கைப்பேசியில் இடம் போதாமையால் அங்கிருந்தவற்றை அழித்துவிட்டாள். சில மாதங்களில் பாட்டி மறைந்தார்.

பாட்டியின் நினைவு நாளன்று அக்குரலைக் கேட்க விரும்பிய மகள் மடிக்கணினியைத் திறந்தாள். திரை நெடுநேரம் அசையாது நின்றது. ஒரு கோப்பு திறந்தது, அடுத்தது திறக்கவில்லை. மூன்றாவதைத் தொட்டவுடன் கணினி முழுவதும் உறைந்து போயிற்று.

"அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார், அம்மா" என்றார் தந்தை. அவள் அவ்வாறே இருமுறை செய்தாள். பயன் இல்லை. பின்னர்த் திருப்பதியில் கணினித் துறையில் பணியாற்றும் தாய்மாமனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"உள்ளே தட்டுவது போலவோ உரசுவது போலவோ ஓசை கேட்கிறதா, கண்ணு?" என்று வினவினார் மாமா.

"இல்லை மாமா. மெதுவாகத்தான் இருக்கிறது."

"அப்படியானால் நம்பிக்கை உண்டு. இனி அதைத் தொடாதே. மின்சாரத்தை நிறுத்திவிடு. நாளைக்கு அப்பாவோடு இங்கே எடுத்து வா."

தொடாதே என்று அவர் ஏன் சொன்னார்? இதற்கு விடை காண, வன்தட்டின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

வன்தட்டின் உள்ளே

'ஹார்டு டிஸ்க்' என்று வழங்கும் வன்தட்டினுள் கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வட்டத் தகடுகள் உள்ளன. அவற்றின் மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு படிந்திருக்கும். நாம் சேமிக்கும் எழுத்தும் ஒலியும் நிழற்படமும் அப்பூச்சில் நுண்ணிய காந்தப் புள்ளிகளாகப் பதிகின்றன. மடிக்கணினிகளில் உள்ள வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். அஃதாவது, ஒரு நொடியில் 90 சுற்றுகள்.

அச்சுழல்தட்டின் மேல், எழுதவும் படிக்கவும் வல்ல ஒரு நுண்முனை இங்குமங்கும் விரைகிறது. அது தகட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் தாங்குதலால் மிதந்து செல்கிறது. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். அத்துணைச் சிறிய இடைவெளியில் ஒரு துகள் புகுந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும்போது கணினி அதிர்ந்தாலும், முனை தகட்டில் மோதலாம். மோதிய இடத்தில் காந்தப் பூச்சு சுரண்டப்படும். அங்கிருந்த செய்தி மீளாது. சுரண்டிய துகள்கள் மேலும் பல இடங்களைக் கெடுக்கும். ஆதலால், நோயுற்ற தட்டை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தல், புண்ணை மீண்டும் மீண்டும் கிளறுவதை ஒக்கும்.

1956ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் முதல் வன்தட்டை வெளியிட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. அவ்வளவு பெரிய கருவி ஏறத்தாழ 5 மெகாபைட் அளவே தாங்கியது. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஓரிரு நிழற்படங்களுக்கே அது சரியாகும். இன்றோ உள்ளங்கையில் அடங்கும் தட்டில் ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டுகள் அடங்கிவிடுகின்றன. ஒரே நொடியில் இருபது ஆண்டுகளையும் இழக்கக்கூடும் என்பதே இவ்வசதியின் மறுபக்கம்.

அறிகுறிகளும் முதலுதவியும்

வன்தட்டு பல வேளைகளில் முன்னறிவிப்புத் தந்து பழுதாகிறது; சில வேளைகளில் முன்னறிவிப்பு இன்றியும் பழுதாகலாம். கோப்புகள் திறக்க நெடுநேரம் ஆதல், கணினி அடிக்கடி உறைதல், கோப்புறைகள் திடீரென மறைதல், பெயர்கள் புரியாத குறிகளாக மாறுதல் ஆகியன அவ்வறிகுறிகள். தட்டும் ஓசையும் உரசும் ஓசையும் கேட்பின், நிலை மிகவும் கடுமையானது என்று உணர வேண்டும். அப்போது எந்த மென்பொருளும் உதவாது. உடனே நிறுத்தி, தூசு புகாத அறை வசதியுடைய மீட்பு வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை.

ஓசை எதுவும் இன்றித் தட்டு மெதுவாக இயங்கினால், பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, நிறுத்துதல். மீட்பு மென்பொருளைத் தேடி அதே தட்டில் நிறுவுதல் பெரும் பிழை. புதிதாக எழுதப்படுவது, மீட்க வேண்டியதன் மேலேயே எழுதப்படலாம். பிழை திருத்தும் கட்டளைகளை இயக்குதலும் இந்நிலையில் தகாது. அவை கோப்பு முறையைச் சீராக்க முயல்கையில், நமக்கு வேண்டிய கோப்புகளையே வெட்டிவிடக்கூடும். தட்டைத் திறந்து பார்த்தலும் கூடாது.

இரண்டாவது, படியெடுத்தல். தட்டை மடிக்கணினியிலிருந்து கழற்றி, நலமான வேறொரு கணினியுடன் இணைத்து, அதன் முழுப் படியைப் புதிய தட்டிற்கு மாற்ற வேண்டும். 'டிடிரெஸ்கியூ' என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கென்றே உருவானது. அது முதலில் எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் படியெடுக்கும். இடர்ப்படும் பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு கடந்து செல்லும். நல்லவை அனைத்தும் கைக்கு வந்த பின்னரே அவ்விடங்களுக்குத் திரும்பி, சிறிது சிறிதாக முயலும். தட்டு இடையில் முற்றும் செயலிழந்தாலும் பெரும்பகுதி அதற்குள் காப்பாற்றப்பட்டிருக்கும். தேர்வில் தெரிந்த வினாக்களை முதலில் எழுதி, கடினமானவற்றுக்குப் பின்னர்த் திரும்பும் மாணவரின் முறையே இது.

மூன்றாவது, படியில் தேடுதல். மூலத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, இனிச் செய்யும் ஆய்வு, திருத்தம் அனைத்தையும் படியின் மீதே செய்ய வேண்டும். தவறு நேர்ந்தாலும் மூலம் கெடாது.

பெயர் இழந்த கோப்புகள்

நூலகத்தில் நூல்களும் உண்டு. எந்நூல் எங்குள்ளது என்று காட்டும் அட்டவணையும் உண்டு. வன்தட்டிலும் அவ்வாறே. நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது, பெரும்பாலும் அட்டவணைக் குறிப்பு மட்டுமே நீங்குகிறது. கோப்பின் உள்ளடக்கம், அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை, அங்கேயே கிடக்கிறது. அட்டவணை சிதைந்த தட்டிலும் இதுவே நிலை. 'போட்டோரெக்' போன்ற மென்பொருள்கள் அட்டவணையை நாடாமல், தட்டை முதலிலிருந்து முடிவு வரை படித்து, நிழற்படத்தின் தொடக்கம் எது, ஒலிக்கோப்பின் தொடக்கம் எது என்பதை அவற்றின் அமைப்பைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. ஆனால் அவ்வாறு மீளும் கோப்புகள் தம் பெயர்களை இழந்து, வெறும் எண்களையே பெயராகக் கொண்டு வருகின்றன.

இங்கு ஒன்று நினைவில் கொள்ளத் தக்கது. சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகங்களில், அழித்த கோப்பின் இடத்தைக் கருவியே விரைவில் துடைத்துவிடுவது வழக்கம். ஆதலால் அவற்றில் அழித்ததை மீட்டல் மிக அரிது. மேலும், பூட்டுக்குறி இட்டு மறையாக்கம் செய்த தட்டாயின், அதன் மீட்புக் குறியீடு இல்லாமல் எவராலும் எதையும் படிக்க இயலாது.

விண்ணிலிருந்து விழுந்த தட்டு

முறையோடு முயன்றால் எத்துணை மீளும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று, கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்புகையில் சிதறியது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிர்நீத்தனர். விண்ணில் அவர்கள் செய்த ஆய்வுகளுள் ஒன்று, செனான் வாயுவின் பாகுநிலை பற்றியது. அதன் அளவீடுகளைத் தாங்கிய வன்தட்டு, எரிந்து கருகிய நிலையில், நீர் வற்றிய ஏரிப்படுகை ஒன்றில் சில மாதங்களுக்குப் பின் கிடைத்தது. உறை உருகிச் சிதைந்திருந்தது. ஆயினும் உள்ளிருந்த தகடுகளில், செய்தி பதிந்திருந்த பகுதி பெரிதும் கெடாமல் இருந்தது. அமெரிக்க மீட்பு வல்லுநர்கள் தகடுகளைத் தூய்மை செய்து, வேறோர் உறையில் பொருத்தி, ஏறத்தாழ 99 விழுக்காட்டுத் தரவை மீட்டனர். 2008ஆம் ஆண்டு அவ்வாய்வின் முடிவுகள் வெளியாயின. ஆய்வு செய்தோர் இல்லை. அவர்தம் உழைப்பு நிலைத்தது.

ஆனால் அதே விண்ணோடத்திலிருந்து கிடைத்த வேறு தட்டுகளிலிருந்து எதையும் மீட்க இயலவில்லை. எனவே மீட்பை நம்பி வாளாவிருத்தல் அறிவுடைமை ஆகாது.

முன்னோர் காட்டிய வழி

பழுது பார்ப்பதற்கு முன் படியெடுக்க வேண்டும் என்னும் நெறி கணினியோடு பிறந்ததன்று. கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, பழைய சுவர்களை இடிப்பதற்கு முன் அவற்றில் இருந்த கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுக்குமாறு பணித்தான். கோயில் எழுந்த பின், முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவற்றைப் புதிய சுவர்களில் மீண்டும் பொறித்தனர். முதலில் படி, பின்னரே பழுது நீக்கம். டிடிரெஸ்கியூ இன்று பின்பற்றும் ஒழுங்கும் அதுவே.

மாமா வாழும் திருப்பதியின் மேலே உயர்ந்து நிற்கும் திருமலையும் இவ்வகையில் நமக்கு ஆசான். அங்குள்ள கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பல்லவர் குலத்துச் சாமவை என்னும் பெண்மணி வெள்ளித் திருமேனி அளித்த செய்தியும் தமிழ்க் கல்வெட்டாகவே நமக்குக் கிடைத்துள்ளது. கல்வெட்டறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி இக்கல்வெட்டுகளைப் படியெடுத்து ஆராய்ந்தார். 1930களில் தேவஸ்தானம் அவற்றை நூல் தொகுதிகளாக வெளியிட்டது. கல்லில் மட்டும் இருந்தது தாளிலும் வாழத் தொடங்கியது.

தெலுங்கு மொழியின் பெருங்கவிஞராகிய தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 32,000 கீர்த்தனைகள் இயற்றினார் என்பர். அவர்தம் வழியினர் அப்பாடல்களைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலில் ஒரு கல்லறைக்குள் வைத்தனர். அச்சிற்றறை சங்கீர்த்தன பண்டாரம் எனப்பட்டது. நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்த ஏடுகள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மீண்டும் வெளிவந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற அறிஞர்கள் அவற்றைப் படித்துப் பதிப்பித்தனர். இன்று கிடைப்பவை ஏறத்தாழ 12,000 பாடல்களே. செப்பேடுகளில் பாடலும் இராகத்தின் பெயரும் இருந்தன. மெட்டுக்குரிய சுரக்குறிப்பு இல்லை. ஆதலால் இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய இசையறிஞர்கள் பல பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைக்க வேண்டியதாயிற்று.

மீண்டது பாடல், மீளாதது மெட்டு. செம்பு எளிதில் அழியாது. ஆயினும் ஓரிடத்தில் மட்டும் வைத்த பொருள், அழியாமலே மறக்கப்படலாம். மறந்ததை மீட்கும்போது ஏதேனும் ஒரு பகுதி கைநழுவலாம்.

மூன்று படிகள்

கோப்புகளைக் காக்க எளிய விதி ஒன்று வழங்குகிறது: மூன்று, இரண்டு, ஒன்று. ஒவ்வோர் அரிய கோப்புக்கும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை குறைந்தது இருவகைச் சேமிப்பகங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று, வேறோர் ஊரிலோ மேகச் சேமிப்பிலோ இருத்தல் வேண்டும். வீட்டில் வெள்ளம் புகுந்தாலும், திருடர் வந்தாலும் ஒன்று எஞ்சும்.

எவற்றை முதலில் காப்பது? மதிப்பெண் பட்டியல் தொலைந்தால் கல்வி வாரியத்திடம் மறுபடி பெறலாம். பலவற்றை டிஜிலாக்கரிலேயே காணலாம். பாடநூலை மீண்டும் தரவிறக்கலாம். ஆனால் மறைந்தவரின் குரலை வழங்கும் அலுவலகம் எங்கும் இல்லை. எனவே, உலகில் வேறெங்கும் இல்லாத கோப்பு எதுவோ, அதற்கே முதற்படி எடுத்தல் வேண்டும்.

மீண்ட குரல்

மறுநாள் தந்தையும் மகளும் மடிக்கணினியைத் தடித்த துண்டில் சுற்றி, பையில் வைத்து, மடியில் ஏந்தியபடி சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் சென்றனர். மாமா தட்டைக் கழற்றித் தம் கணினியுடன் இணைத்தார். இரவு முழுவதும் படியெடுப்பு நடந்தது. விடியும்போது பெரும்பகுதி முடிந்திருந்தது. எஞ்சிய சிறு பகுதிக்கு மேலும் ஒரு பகல் ஆயிற்று.

42 பதிவுகளில் 39 முழுமையாக மீண்டன. இரண்டு பாதியில் நின்றன. ஒன்று மீளவே இல்லை. மீண்டவற்றுக்கும் பெயர்கள் இல்லை, எண்களே இருந்தன.

மகள் காதில் ஒலிவாங்கியை அன்று. கேட்பொறியை மாட்டிக்கொண்டு அமர்ந்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டு, 'நரியும் நண்டும்', 'மாமரத்து விடுகதை', 'தாலாட்டு' என்று பெயர் எழுதினாள்.

"எந்தப் பதிவு வரவில்லை, கண்ணு?" என்று கேட்டார் மாமா.

"பாட்டி தம் சிறுவயதுத் திருவிழாவைப் பற்றிச் சொன்னது, மாமா. எனக்கு நினைவிருக்கிற வரையில் நானே எழுதி வைக்கிறேன்."

அன்று மாலையே ஒரு படி மாமாவின் வீட்டில் தங்கியது. ஒன்று மேகச் சேமிப்பில் ஏறியது. ஒன்று சித்தூருக்குத் திரும்பியது.

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் ஒரே ஓரிடத்தில் மட்டும் வாழும் கோப்பு ஏதேனும் இருக்கலாம். தட்டு தடுமாறும் நாளுக்காகக் காத்திராமல், அதற்கு இன்றே ஒரு படி எடுங்கள்.

சொல்லும் பொருளும்

படி – நகல்
வன்தட்டு – கணினியின் நிலையான சேமிப்பகம்
செப்பேடு – செம்புத் தகட்டில் பொறித்த ஆவணம்
வாளாவிருத்தல் – செயலற்றுச் சும்மா இருத்தல்
பாகுநிலை – நீர்மமோ வாயுவோ பாயும்போது காட்டும் தடை
மேகச் சேமிப்பு – இணையவழித் தொலைவிலுள்ள சேமிப்பகம்

இலக்கணக் குறிப்பு

சுழல்தட்டு – வினைத்தொகை
வன்தட்டு – பண்புத்தொகை
எழுத்தும் ஒலியும் – எண்ணும்மை
படியெடுத்தல் – தொழிற்பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

பொறித்தனர் = பொறி + த் + த் + அன் + அர்
பொறி – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு நொடியில் சுழல்வது
(க) 54 முறை (ங) 60 முறை (ச) 90 முறை (ஞ) 540 முறை

2. 'செப்பேடு' என்பதைப் பிரித்து எழுதக் கிடைப்பது
(க) செப்பு + பேடு (ங) செம்பு + ஏடு (ச) செம் + பேடு (ஞ) செப் + ஏடு

3. தட்டும் ஓசை கேட்கும் வன்தட்டை
(க) மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும் (ங) திறந்து துடைக்க வேண்டும் (ச) நிறுத்தி வல்லுநரிடம் தர வேண்டும் (ஞ) குளிரில் வைக்க வேண்டும்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. மீட்பு மென்பொருளைப் பழுதான தட்டிலேயே நிறுவுதல் ஏன் கூடாது?
2. திருமழபாடிக் கல்வெட்டுகள் எவ்வாறு காக்கப்பட்டன?
3. 'மூன்று, இரண்டு, ஒன்று' என்னும் விதியை விளக்குக.

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. அன்னமாச்சாரியாரின் பாடல்கள் மீண்டதற்கும் பாட்டியின் பதிவுகள் மீண்டதற்கும் உள்ள ஒற்றுமைகளை எழுதுக.
2. டிடிரெஸ்கியூ மென்பொருள் செயல்படும் முறையை உங்கள் சொற்களில் விளக்குக.

ஈ. மொழித்திறன்

'படி' என்னும் சொல் நகல், கற்பாயாக, மாடிப்படி, முகத்தலளவை எனப் பல பொருள் தரும். ஒவ்வொரு பொருளிலும் ஒரு தொடர் அமைக்க.

உ. செயல்பாடு

உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம் ஒரு கதையோ விடுகதையோ கேட்டுப் பதிவு செய்க. அதற்கு இனங்காணத்தக்க பெயரும் நாளும் இடுக. மூன்று படிகள் எடுத்து, அவை எங்கெங்கு உள்ளன என்பதைக் கீழ்க்காணும் தலைப்புகளில் குறிக்க: கோப்பின் பெயர், முதற்படி, இரண்டாம் படி, மூன்றாம் படி.